தாத்தா வண்டிக்கு என்ன விலை?

பாஸ், வீட்ல தாத்தாவோட பழைய அம்பாஸடர் நிக்குதா? அப்ப இது உங்களுக்குத்தான்!

போன மாசம் கல்யாண மண்டப பார்க்கிங்ல எங்க வண்டியை எவனோ இடிச்சுட்டு எஸ்கேப். கதவு சப்பை. இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு தெம்பா போனா, சர்வேயர் சிரிக்கிறார். பத்து வருஷம் தாண்டின வண்டியில இரும்பு பாகம் மாத்தினா, 50 சதவிகிதம் தேய்மானமாம். பாதி நம்ம பாக்கெட்! அதுலயும், 2014-லயே தயாரிப்பு நின்னுபோன வண்டிக்குக் கதவு தேடறதே பெரும்பாடு.

தாத்தா அலட்டிக்கலை. ‘தட்டி நேராக்கச் சொல்லுடா’ன்னார். கரெக்ட்! தேய்மானம் மாத்துற பாகத்துக்குத்தான். டிங்கரிங் கூலிக்கு இல்லை.

இன்னொண்ணு... அஞ்சு வருஷம் தாண்டின வண்டியோட மதிப்பை நாமளும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். ரினியூவலுக்கு முன்னாடியே போட்டோ, பில்லோட போய் உட்காருங்க.

தாத்தா தினமும் துடைக்கிறதுக்கு மட்டும்தான் பில் கிடையாது!