கொடுப்பதும் கூட்டுவதும்

மே மாத மத்தியானத்தில் லக்னோவாசிகள் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆனால் ஜேஷ்ட மாதத்துச் செவ்வாய்க்கிழமைகள் விதிவிலக்கு. அன்று தெருமுனைக்கு ஒரு பந்தல். பந்தலுக்குள் ஆள் இறங்கிக் குளிக்கும் அளவுக்கு ஒரு வாணலி. எண்ணெயில் பூரிகள் உப்பி எழுகின்றன. பக்கத்து அண்டாவில் உருளைக்கிழங்குக் கறி, இனிப்புக்கு பூந்தி, தாகத்துக்கு ரோஜா நிற சர்பத். எல்லாமே இலவசம். அனுமனுக்கு உகந்த இந்த நாளை ‘படா மங்கல்’ என்கிறார்கள். அதாவது, பெரிய செவ்வாய். இந்தப் பொது அன்னதானத்துக்குப் பெயர் பண்டாரா.

வடநாட்டுப் பஞ்சாங்கப்படி மாதம் பிறப்பது பௌர்ணமிக்கு மறுநாள். புத்த பூர்ணிமா கழிந்ததும் ஜேஷ்டம் தொடங்கிவிடும். வழக்கமாக நான்கு அல்லது ஐந்து செவ்வாய்கள் வரும். ஜேஷ்டமே அதிக மாதமாகவும் அமைந்த 2018-ல் ஒன்பது வந்தன. முதல் பெரிய செவ்வாய்க்கு மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். செவ்வாய் அனுமனுக்கு உரிய நாள் என்பது வட இந்தியா முழுக்க உள்ள நம்பிக்கைதான். ஆனால் அதற்காக ஒரு நகரமே சமையற்கட்டாக மாறுவது லக்னோவின் தனி முத்திரை.

இதன் ஆரம்பம் எங்கே என்று கேட்டால் எல்லோரும் அலிகஞ்ச் பழைய அனுமன் கோயிலைக் காட்டுகிறார்கள். அதன் கலசத்தின் உச்சியில் இருப்பது பிறைச் சின்னம். நவாப் ஷுஜா-உத்-தௌலாவின் பேகம் கனவு கண்டு கட்டிய கோயில் என்பது ஒரு கதை. விற்காமல் தேங்கிக் கிடந்த குங்குமப்பூ மொத்தத்தையும் நவாப் வாஜித் அலி ஷா வாங்கிக்கொள்ள, மகிழ்ந்துபோன வியாபாரி கோயில் எழுப்பினார் என்பது இன்னொரு கதை. கொள்ளைநோய் நீங்கியதற்கான நன்றிக்கடன் என்பது மூன்றாவது. காலக்கணக்கு ஒன்றோடொன்று ஒட்டாது. முதல் நவாப் இறந்தது 1775-ல். இரண்டாமவர் பட்டத்துக்கு வந்ததோ 1847-ல். ஆனாலும் எல்லாக் கதைகளிலும் பொதுவாக ஒன்று உண்டு: ஒரு முஸ்லிம் அரண்மனையும் ஒரு அனுமன் கோயிலும். இன்றைக்கும் பெரிய செவ்வாயில் பந்தல் போட்டு சர்பத் ஊற்றும் முஸ்லிம்கள் லக்னோவில் உண்டு.

கொடுப்பதில் இந்த நகரத்துக்கு ஒரு பழைய நாசூக்கும் உண்டு. 1784-ல் அவத் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது நவாப் ஆசஃப்-உத்-தௌலா படா இமாம்பாராவைக் கட்டத் தொடங்கினார். வேலைக்குக் கூலி, கூலியால் சோறு. பசியில் வாடிய கனவான்களும் வேலைக்கு வந்தார்களாம். அவர்களுடைய முகம் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று அவர்களுக்கு மட்டும் இரவு வேலை கொடுக்கப்பட்டது என்கிறது ஊர்க்கதை. ஆண்டவன் கொடுக்காதவனுக்கும் ஆசஃப்-உத்-தௌலா கொடுப்பார் என்ற சொலவடை இன்னமும் வழக்கில் இருக்கிறது.

பெரிய செவ்வாயின் வரிசையிலும் அதே நாசூக்கு. ரிக்ஷா இழுப்பவருக்குப் பின்னால் வங்கி அதிகாரி நிற்கிறார். அவருக்குப் பின்னால் காரை ஓரங்கட்டிவிட்டு வந்த குடும்பம். யார், என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்பாரில்லை. காரணம், அந்த பூரி பிச்சையல்ல, பிரசாதம். பிரசாதத்துக்குக் கை நீட்டுவதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. பசியோடு வந்தவர் யார், பக்தியோடு வந்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மற்ற நாட்களில் பகல் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கிற கூலித் தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்த அரசுத் திட்டமும் தந்துவிடவில்லை.

ஆனால் பூரி தின்று முடிந்த பிறகு என்ன ஆகிறது?

கோமதியின் மேல் அனுமன் சேது என்றொரு பாலம். அதன் அருகே நீம் கரோலி பாபா 1967-ல் நிறுவிய அனுமன் கோயில். பெரிய செவ்வாயில் இங்கே கூட்டம் அலைமோதும். பாலத்திலிருந்து ஆற்றோட்டத்தின் திசையில் போனால் கோமதி ஆற்றங்கரைப் பூங்கா. புல்வெளி, நடைபாதை, சைக்கிள் பாதை என்று சாயங்காலக் காற்றுக்காக நகரமே ஒதுங்கும் இடம். 2015-ல் தொடங்கிய ஆற்றங்கரைத் திட்டத்தின் பயன் இது. திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் ரூ.1,500 கோடி. 2017-ல் ஆட்சி மாறியதும் விசாரணை வந்தது, பிறகு சிபிஐ வழக்கும் வந்தது.

இத்தனை செலவில் கரை அழகானது. ஆறு அழகாகவில்லை. கோமதி இமயப் பனியில் பிறந்த நதியல்ல. பிலிபித் மாவட்டத்து ஏரி ஒன்றில் பிறந்து, நிலத்தடி ஊற்றையும் மழையையும் நம்பி ஓடுவது. கோடையில் அதில் நீர் குறைவு. அந்தக் குறைந்த நீரில்தான் நகரத்தின் சாக்கடைகள் வந்து கலக்கின்றன. பெரிய செவ்வாய் வருவதும் அதே கோடையில்தான்.

பண்டாராக்களில் ஒரு காலத்தில் இலைத் தொன்னையும் மண் குவளையும்தான். தின்றதும் மண்ணோடு மண்ணாகும். பிறகு தெர்மகோல் தட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் வந்தன. உத்தரப் பிரதேச அரசு 2018-ல் பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டது. 2022 ஜூலையிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளருக்கு நாடு முழுக்கத் தடை. ஆனால் சர்பத்துக்கான அவசரத்தில் தடையை யார் நினைக்கிறார்கள்? நான்கு வாய் குடித்த டம்ளர் சாலையோரத்தில் விழும். காற்றடித்தால் வடிகாலுக்குள் போகும். வடிகாலின் வாய் திறப்பது கோமதியில்.

பண்டாரா நடத்துவோர் முன்கூட்டியே தகவல் தர வேண்டும், குப்பையை அகற்ற வண்டி அனுப்புகிறோம் என்று மாநகராட்சி கேட்டுப் பார்த்தது. அனுமனுக்குச் செய்யும் சேவைக்கு அனுமதியா என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. யாரிடமும் கேட்காமல் யாருக்கும் கொடுப்பதுதானே இந்த வழக்கத்தின் உயிர். படிவமும் முத்திரையும் வந்தால் அது வற்றிவிடும்.

ஆனால் புதன்கிழமை காலையையும் யோசிக்க வேண்டும். விடிவதற்கு முன்பே துடைப்பத்தோடு வரும் துப்புரவுத் தொழிலாளி, முந்தைய நாள் அதே வரிசையில் நின்று பூரி வாங்கியவராகவும் இருக்கலாம். செவ்வாயன்று அவரைப் பக்தராக மதித்த நகரம், புதனன்று தன் எச்சிலைப் பொறுக்கவிடுகிறது. இருட்டு வேலை கொடுத்து முகத்தை மறைத்த நவாபின் நாசூக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது.

இதற்குச் சட்டம் தேவையில்லை. சில பந்தல்களில் இப்போதே தொன்னை திரும்பியிருக்கிறது. வாசலில் இரண்டு குப்பைத் தொட்டிகளும் நிற்கின்றன. பூரி பரிமாற நாற்பது பேர் போட்டி போடும் இடத்தில், கூடையை ஏந்திக்கொண்டு காலித் தொன்னையை வாங்க இரண்டு பேர் நின்றால் போதும். அனுமனின் பெருமையே, கொடுத்த வேலையை முடித்துவிட்டுத் திரும்புவதுதான். அவர் பெயரால் நடக்கும் பண்டாராவும் கடைசி பூரியோடு முடிந்துவிடக் கூடாது. கடைசித் தொன்னையை எடுத்த பிறகு முடியட்டும்.