ஜெல்கோட்டும் ஒரு முகமூடியும்

ரிடையர் ஆனவன் கையில் உப்புத்தாள் கிடைத்தால் வீட்டில் எதுவும் தப்பாது என்பது என் மனைவியின் கருத்து. கதவு, ஜன்னல், ஊஞ்சல் பலகை எல்லாம் முடிந்து, போன வருடம் ஒரு பழைய பாய்மரப் படகே எங்கள் கார் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. லேசர் என்ற வகை. ஒருவர் மட்டும் ஓட்டுவது. நீளம் 4.2 மீட்டர், வெறும் ஓடு 59 கிலோ. நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஓட்டியதும் இதே ஓடுதான், பாய் மட்டும் சற்றுச் சிறியது.

என் படகு வெயிலில் கிடந்து வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணாம்பு ஒட்டும் நிலையில் இருந்தது. புது ஜெல்கோட் போட்டே தீர்வது என்று முடிவு செய்தேன். மீன்பிடி ஃபைபர் படகு வேலையில் இருபது வருடம் பழகிய ஒருவரைத் துணைக்கு அழைத்தேன். அவர் ஒரு மூலையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சார், முழுசா எதுக்கு? இந்த விரிசலை மட்டும் அடைச்சிட்டு, மீதியை பாலிஷ் போட்டா வந்துடும்" என்றார். நான் கேட்கவில்லை.

தொழிற்சாலையில் ஜெல்கோட்தான் முதலில். அச்சுக்குள் அதைப் பூசி, அதன் மேல் கண்ணாடி இழைப் பாயையும் ரெசினையும் ஏற்றுவார்கள். அச்சின் வழவழப்பு அப்படியே படகுக்கு வந்துவிடும். வீட்டில் எல்லாம் தலைகீழ். கடைசியில் பூசுகிறோம், ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக வரும். அதை 220, 400, 600, 1000 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்தே சமன் செய்ய வேண்டும். காற்றுப் பட்டால் மேல்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும் என்பதால் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும். நான் முதல் முறை அதை மறந்தேன். இரண்டு நாள் கழித்தும் விரல் ஒட்டியது.

இதெல்லாம் உழைப்பு, போனால் போகிறது. நான் சொல்ல வந்தது வேறு.

கெட்டியாக்க ஊற்றும் கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கோபால்ட்டைத் தனியாக வாங்கினால், அதையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை ஸ்டைரீன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றிவிட்டது. கொரோனா காலத்து முகமூடி தூசியைத் தடுக்கும், இந்த ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும்.

எனக்கு அது இருந்தது. மகன் வாங்கிக் கொடுத்தான். வந்தவருக்கு மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன். பத்து நிமிடம் போட்டுவிட்டுக் கழற்றினார். "வேர்க்குது சார். பழகிடுச்சு, எனக்கு வாசனையே தெரியாது" என்றார். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றில் மட்டும் அந்த வாடை தெரியும் என்றார்.

வாசனை தெரியவில்லை என்பது உடம்பு பழகிவிட்டதற்கு அடையாளமல்ல. மூக்கு சொல்வதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் முதல் வேலை நேரத்தை மாற்றினேன். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டும், ஷெட் கதவைத் திறந்துவைத்து, மின்விசிறி வெளிப்பக்கம் தள்ள. அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து டீ. கூலி முழுநாளுக்கு. முகமூடியைக் கழற்றாமல் வேலை செய்தார். ஆக, வெயிலும் அவசரமும்தான் குற்றவாளிகள்; மனிதர் அல்ல. வெயில் ஏறினால் கலவை கையிலேயே இறுகிவிடும் என்பதால் காலை நேரம் படகுக்கும் நல்லதாகப் போயிற்று.

என் கருத்து இதுதான். முதலில் பாலிஷ் போட்டுப் பாருங்கள். பாதிப் படகுகளுக்கு அதுவே போதும். பூசத்தான் வேண்டுமென்றால் தாராளமாக வீட்டிலேயே பூசுங்கள். ஆனால் ஆள் வைத்தால், கூலி பேசும்போதே முகமூடியையும், அதன் வடிகட்டியையும், ஓய்வையும் சேர்த்துப் பேசுங்கள். நம் பொழுதுபோக்குக்கு இன்னொருவர் நுரையீரல் விலையாகக் கூடாது.

படகு இப்போது பளபளக்கிறது. "பக்கத்தில் போய்ப் பார்க்காத வரைக்கும்" என்கிறாள் மனைவி. அந்த மனிதர் சொன்னபடி விரிசலை மட்டும் அடைத்திருந்தால் வேலை இரண்டே நாளில் முடிந்திருக்கும்.