அந்தப் பை யாருடைய கண்ணுக்காக?

மாணவர்களே, அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் சுமந்து செல்லும் முதுகுப்பையை ஓர் அறிவியல் பாடநூலாகப் படிக்கலாம் என்பது என் கருத்து. ஒளி, வெப்பம், விசை, உணவுச் சங்கிலி என்று நீங்கள் வகுப்பில் படிக்கும் பாதி அதிகாரங்கள் அந்தப் பைக்குள் இருக்கின்றன. அதோடு, கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்ற பாடமும் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் வேட்டையாடுவதில்லை, உங்களையும் வேட்டைக்கு அழைக்கவில்லை. நம் தீபகற்பக் காடுகளில் கடமான்கள் குறைந்துவிட்டன. அவற்றை இரையாகக் கொள்ளும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் வேட்டையாடுவது இங்கே குற்றம். அமெரிக்காவின் நிலைமை வேறு. அங்கே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில இலட்சங்களாகச் சுருங்கிப்போன வெண்வால் மான்கள், கட்டுப்பாடுகளுக்குப் பிறகு பெருகி இன்று ஏறக்குறைய 30 மில்லியனாக உள்ளன. பல மாநிலங்களில் ஓநாய்கள் இல்லாமல் போய்விட்டன. எனவே எந்தப் பருவத்தில், எத்தனை மான்களை வேட்டையாடலாம் என்பதை மாநில அரசுகள் வரையறுத்து உரிமம் வழங்குகின்றன.

அந்த வேட்டையில் பெரும்பகுதி தனியார் நிலத்தில் நடந்தாலும், சொந்த நிலம் இல்லாதவர்கள் போவது பொது நிலத்துக்குத்தான். தேசிய வனங்கள் மட்டுமே ஏறக்குறைய 780,000 சதுர கிலோமீட்டர். அது மலேசியாவின் பரப்பளவைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். பொது நிலம் என்றால் எல்லாருக்கும் உரிய நிலம். மலையேறுபவர், பறவை பார்ப்பவர், பிள்ளைகளோடு உலாவ வந்த குடும்பம், இன்னொரு வேட்டைக்காரர் என யாரும் அங்கே இருக்கலாம். அதனால் பொது நிலத்துக்குப் போகிறவர் பையை நிரப்பும்போது தன்னை மட்டும் நினைத்தால் போதாது.

மானுக்குத் தெரியாத ஆரஞ்சு

அமெரிக்க வேட்டைக் கடைகளில் இலையும் கிளையும் அச்சிட்ட உருமறைப்பு உடைகள் வரிசை வரிசையாகத் தொங்கும். அச்சு எவ்வளவு நுணுக்கமோ, விலையும் அவ்வளவு கூடும். ஆனால் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்தில், இடுப்புக்கு மேல் அணியும் வெளி உடையில் குறைந்தது பாதி, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்பும் அனுமதிக்கப்படுகிறது. ஒளிந்திருக்க வேண்டியவர் ஏன் போக்குவரத்துக் கூம்பைப் போல உடுத்திக்கொள்கிறார்?

விடை விழித்திரையில் இருக்கிறது. நம் கண்ணில் நிறங்களைப் பிரித்தறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. 1990-களின் தொடக்கத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வெண்வால் மானின் கண்ணை ஆராய்ந்தபோது, அதில் இரண்டு வகை மட்டுமே இருப்பது தெரியவந்தது. நீண்ட அலைநீள ஒளிக்கான கூம்புச் செல் மானுக்கு இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஒருவர் உலகத்தைப் பார்ப்பதைப் போலத்தான் மானும் பார்க்கிறது. நமக்கு நெருப்பாகத் தெரியும் ஆரஞ்சு, மானுக்குச் சுற்றியுள்ள இலைகளோடு கலந்துபோகும் மங்கலான நிறம்.

ஆரஞ்சு உடை சாதாரண ஆரஞ்சைவிடப் பளிச்சென்று தெரிவதற்கும் காரணம் உண்டு. அதிலுள்ள சாயம், புற ஊதா, நீலம் போன்ற குறைந்த அலைநீள ஒளியை உறிஞ்சி, அதை ஆரஞ்சு ஒளியாக வெளியிடுகிறது. மங்கிய மாலையிலும் அது இன்னொரு மனிதரின் கண்ணில் படும். ஆக, அந்த உடை மானுக்காக அன்று, துப்பாக்கியோடு எதிரில் வரும் மனிதருக்காக. உருமறைப்பு உடையின் அழகான அச்சோ பெரும்பாலும் கடையில் நிற்கும் வாங்குபவரின் கண்ணுக்காக.

சலவைத்தூள் செய்யும் வேலை

மனிதக் கண்ணின் வில்லை புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மானின் கண்ணில் அந்தத் தடுப்பு நம்மைப் போல் இல்லை. நீல ஒளியையும் அது நன்றாகவே உணர்கிறது. பல சலவைத்தூள்களில், வெள்ளைத் துணி இன்னும் வெண்மையாகத் தெரிய ஒளியூட்டும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். அது புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிடும். விலையுயர்ந்த உருமறைப்பு உடையை அந்தத் தூளில் துவைத்தால், நம் கண்ணுக்கு அது இலைக் குவியல். மானின் கண்ணுக்கோ மெல்லிய நீல ஒளி.

இதை நீங்களே சோதிக்கலாம். பணத்தாளைச் சரிபார்க்கும் சிறிய புற ஊதா விளக்கை இருட்டறையில் உங்கள் வெள்ளைப் பள்ளிச் சட்டையின்மீது காட்டுங்கள். விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம். யார் கண்ணிலும் அடிக்கவும் வேண்டாம். சட்டை நீலமாக ஒளிர்ந்தால் காரணம் இதுதான்.

ஒரு சிட்டிகைத் தூள்

மானின் மூக்கு அதன் கண்ணைவிடக் கூர்மையானது. மனித வாடையைப் போக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் தெளிப்பான்கள் பல விற்கின்றன. அனுபவமுள்ள வேட்டைக்காரர் நம்புவது வேறொன்றை: வாசனையற்ற தூள் நிரப்பிய சிறிய பிளாஸ்டிக் புட்டி. அதை மெல்ல அழுத்தினால் தூள் எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்பது தெரியும். காற்று மானிடமிருந்து தம்மை நோக்கி வீசும் இடத்தில் அவர் அமர்ந்துகொள்வார்.

இதில் வெப்பச்சலனப் பாடமும் உண்டு. காலையில் வெயில் பட்டதும் மலைச்சரிவின் காற்று சூடாகி மேலேறும். மாலையில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கும். காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் தவறாகிவிடும். இதைத் தெரிந்துகொண்டவருக்குத் தெளிப்பான் பெரிதாகத் தேவைப்படாது.

ஒரே துணி, இரண்டு பலன்

மான் வேட்டைப் பருவம் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வருகிறது. குளிர் இருக்கும், மழையும் பனியும் இருக்கும். அங்கே பருத்தி உடை ஆபத்தானது. பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். உடல் வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் தாழ்வெப்பநிலை தொடங்குகிறது. அதற்கு உறைபனி தேவையில்லை. ஈர உடையும் காற்றும் போதும். அதனால் கம்பளி அல்லது செயற்கை இழையாலான உடையை அடுக்கடுக்காக அணிகிறார்கள். நடக்கும்போது தடித்த மேலங்கியை அணியாமல் பையில் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த பிறகே போட்டுக்கொள்வதும் அதற்காகத்தான். நடையில் வியர்த்துவிட்டால், அசையாமல் உட்காரும் நேரத்தில் அந்த வியர்வையே உடலைக் குளிர்விக்கும்.

இதைப் படித்துவிட்டுப் பருத்தி எல்லா இடத்திலும் கெட்டது என்று முடிவு செய்யாதீர்கள். நம் தாழ்நிலக் காட்டின் வெக்கையில் துணியிலிருந்து ஈரம் ஆவியாவது நமக்கு நன்மையே. ஆனால் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையுச்சியில் விடியற்காலை வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். அங்கே அமெரிக்க வேட்டைக்காரரின் விதி நமக்கும் பொருந்தும். துணியின் இயல்பு மாறவில்லை, இடம் மாறியிருக்கிறது. காரணம் தெரியாமல் பிறருடைய பட்டியலை நகலெடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

கயிறும் எடையும்

பல வேட்டைக்காரர்கள் மரத்தில் பொருத்திய சிறு மேடையில் அமர்ந்து காத்திருப்பார்கள். மேடை 6 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து தவறி விழுபவர் ஒரு விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்தில், மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர் வேகத்தில் தரையை மோதுவார். ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மேடையிலிருந்து விழுவது வேட்டைக்காரர்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று. உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு வாரும், அதை மரத்தோடு இணைக்கும் கயிறும் மானைக் கண்டுபிடிக்க உதவாது. புகைப்படத்தில் அழகாகவும் தெரியாது. ஆனால் பைக்குள் முதலில் வைக்க வேண்டியவை அவையே.

அடுத்தது எடை. 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை. ஒரு பெரிய மானிலிருந்து 20 கிலோகிராமுக்கு மேல் இறைச்சி கிடைக்கும். அது கெடும்முன் குளிர வேண்டும். காற்றோட்டமுள்ள துணிப்பையில் போட்டு முதுகில் சுமந்து வர வேண்டும். அதனால் போகும்போதே திரும்பும் எடைக்கு இடம் விட்டுப் பையை நிரப்புகிறார்கள். கனமான பொருளை முதுகெலும்பை ஒட்டி வைக்கிறார்கள். 10 கிலோகிராம் பொருள் முதுகிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் திருப்புவிசை 9.8 நியூட்டன் மீட்டர். 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அது மூன்று மடங்காகி உங்களைப் பின்னால் இழுக்கும்.

விட்டுச்செல்லும் ஈயம்

பையில் உள்ள மிகச் சிறிய பொருளான தோட்டாதான் என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது. ஈயத் தோட்டா மானைத் தாக்கும்போது நுண்துகள்களாகச் சிதறும். வேட்டைக்காரர் காட்டிலேயே விட்டுச்செல்லும் குடல் கழிவுகளில் அந்தத் துகள்கள் இருக்கும். அவற்றைத் தின்னும் பிணந்தின்னிப் பறவைகளின் வயிற்று அமிலத்தில் ஈயம் கரைந்து நஞ்சாகிறது. 1982-இல் வெறும் 22 பறவைகளாகக் குறைந்துபோன கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் காட்டில் இறப்பதற்கு ஈய நஞ்சே முதன்மைக் காரணம். 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியா மாநிலம் வேட்டையில் ஈயத் தோட்டாவை முற்றாகத் தடை செய்தது. செப்புத் தோட்டா அப்படிச் சிதறுவதில்லை. பல வேளைகளில் அதன் விலை கூடுதல். வேட்டைக்காரர் வீட்டில் உட்கார்ந்து எதைப் பையில் வைக்கலாம் என்று எடுக்கும் முடிவு, அவர் ஒருபோதும் பார்க்காத ஒரு பறவையின் உயிரைத் தீர்மானிக்கிறது.

இனி நம் பை

நம் பள்ளி முகாமுக்கும் மலையேற்றத்துக்கும் வருவோம். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களின் கையில் ஒரு பட்டியல் கொடுக்கப்படுகிறது. காலணி, மழையங்கி, கைவிளக்கு, பை என்று அது நீளும். ஏன் என்ற விளக்கம் மட்டும் இருப்பதில்லை. காரணம் இல்லாத இடத்தை விளம்பரம் பிடித்துக்கொள்கிறது. கறுப்பு நிற மழையங்கிதான் கம்பீரம் என்று ஒருவர் வாங்குகிறார். இராணுவ நிறக் காற்சட்டை இல்லாவிட்டால் நண்பர்கள் சிரிப்பார்கள் என்று இன்னொருவர் கவலைப்படுகிறார். அந்த விலையுயர்ந்த பொருள்களை வாங்க வீட்டில் வசதி இல்லை என்பதற்காக மூன்றாமவர் முகாமுக்கே பெயர் கொடுப்பதில்லை. இவர்களில் மூன்றாமவரின் இழப்புதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

காட்டில் வழி தவறிய ஒருவரைத் தேடி வரும் மீட்புக் குழுவினரின் கண்ணில் கறுப்பு மழையங்கி படாது. மலிவான மஞ்சள் அல்லது ஆரஞ்சு மழையங்கி படும். சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் விசில், தொண்டை கட்டிப்போன பிறகும் ஒலிக்கும். நனைந்த ஜீன்ஸ் கனத்துக் காலை உரசும்; விரைவில் உலரும் பள்ளி விளையாட்டுக் காற்சட்டையே மேல். மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் வெளியிடத்தைவிட முன்னதாகவே இருட்டிவிடும். கைப்பேசி விளக்கை நம்பிப் போனால், உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் மின்கலம் தீர்ந்திருக்கும். தனியாக ஒரு சிறு கைவிளக்கு வேண்டும். இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதில்லை.

பள்ளிகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இது. முகாம் பட்டியலை இரண்டு பத்திகளாகக் கொடுங்கள். ஒன்றில் பொருளின் பெயர், மற்றொன்றில் அது ஏன் வேண்டும் என்ற காரணம். அந்தக் காரணத்தை நிறைவேற்றும் எந்தப் பொருளும் போதும், அது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய பொருளாக இருந்தாலும் சரி என்று அடியில் ஒரு வரி சேருங்கள்.

மாணவர்களே, பள்ளி கொடுக்காவிட்டால் அந்த இரண்டாம் பத்தியை நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, இது யாருக்காக என்று குறியுங்கள்: மழைக்கா, இருட்டுக்கா, தேடி வருபவரின் கண்ணுக்கா, நமக்குப் பின்னால் அந்த ஆற்று நீரைப் பயன்படுத்தப்போகிறவருக்கா? விடை தெரியாத வரி இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால், அந்தப் பொருளுக்காக உங்கள் பெற்றோரைப் பணம் செலவழிக்க வைக்காதீர்கள்.