நெஞ்சுவலிக்கு மார்க் போடுகிறார்கள்!

கடன் என்றால் என்ன? கேட்டு வாங்குகிறவர் ஒருவர், யோசித்துக் கொடுக்கிறவர் ஒருவர். தொகை, வட்டி, தவணை எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்திருப்பார்கள்.

சரி, நடுராத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறுகிறாரே ஒருவர், அவர் இதில் எதைப் பேசி முடித்தார்? நாலு ஆஸ்பத்திரியில் ரேட் விசாரித்தாரா?

அமெரிக்காவில் இதற்கும் கடன் என்றுதான் பெயர். பில் கட்டாவிட்டால் அது வசூல் ஏஜென்ஸிக்குப் போகும். சில கம்பெனிகள் டாலருக்குச் சில சென்ட் என்று அடிமாட்டு விலைக்கு அந்த பாக்கியை வாங்கிக்கொண்டு, முழுத் தொகையையும் கேட்டுத் துரத்தும். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கம்பெனிகள் வைத்திருக்கும் கடன் அறிக்கையில் அது ஏறினால், ஏழு வருஷம் வரை நிற்கலாம். வீட்டு வாடகை, கார் லோன், சில வேலைகள்கூட அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் கிடைக்கும்.

‘வாங்கின சேவைக்குக் காசு கொடுக்காவிட்டால் ஆஸ்பத்திரி எப்படி சார் நடக்கும்?’ என்பீர்கள். நியாயமான கேள்வி. வசூலிக்கட்டும், கோர்ட்டுக்குக்கூடப் போகட்டும். அதற்காக நோயாளியின் பெயரைக் கெடுக்க வேண்டுமா? மார்க் போடுவது, ஒருவர் வாங்கும் கடனைத் திருப்பித் தருவாரா என்று கணிக்கத்தானே? அதற்கு மருத்துவ பாக்கி சரியான அளவுகோல் இல்லை என்று அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பே 2014-ல் ஆய்வு செய்து சொல்லிவிட்டது. பல பில்களில் தகராறே ஆஸ்பத்திரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும்தான். ‘நீ கொடு, நான் கொடுக்கமாட்டேன்’ என்று அவர்கள் இழுக்க, பெயர் கெடுவது படுத்திருப்பவருக்கு!

எதிர்ப்பு வலுத்ததும் மூன்று கம்பெனிகளும் கொஞ்சம் இறங்கி வந்தன. 2022-ல், கட்டி முடித்த மருத்துவ பாக்கிகளை நீக்கின. கட்டாததை ஏற்றவும் ஒரு வருஷ அவகாசம் தந்தன. 2023-ல், 500 டாலருக்குக் குறைந்தவற்றையும் நீக்கின. 2025 ஜனவரியில் அதே பாதுகாப்பு அமைப்பு, மொத்தத்தையும் எடுத்துவிட விதி போட்டது. ஒன்றரைக் கோடி பேருக்கு விடிவு, 4,900 கோடி டாலர் பாக்கி அறிக்கையிலிருந்து போகும் என்றது. ஆட்சி மாறியது. விதியைக் காப்பாற்ற வேண்டிய அமைப்பே எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டது. ஜூலையில் டெக்சாஸ் ஃபெடரல் கோர்ட் விதியை ரத்து செய்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை!

உங்கள் பிள்ளையோ பெண்ணோ அங்கே இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். பயந்து உடனே கட்டாதே. ஐட்டம் ஐட்டமாக பில் கேள். வசூல்காரர் நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள், ‘இது என் பாக்கிதான் என்று நிரூபி’ என எழுத்தில் கேள். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரி என்றால் நிதியுதவித் திட்டம் இருந்தாக வேண்டும். முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். கொலராடோ, நியூயார்க் போன்ற மாநிலங்கள் மருத்துவ பாக்கியை அறிக்கையில் ஏற்றவே கூடாது என்று 2023-ல் சட்டம் போட்டிருக்கின்றன. உன் மாநிலத்தில் என்ன சட்டம் என்று பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்பத்திரி பில்லை கிரெடிட் கார்டில் தேய்க்காதே. தேய்த்த நிமிஷம் அது சாதாரணக் கடனாகிவிடும். மருத்துவ பாக்கிக்கு உள்ள சலுகை எதுவும் கிடைக்காது.

‘அமெரிக்காக்காரன் பாடு, நமக்கென்ன?’ என்கிறீர்களா? நம்ம ஊர் சிபிலின் முழுப் பெயரைப் பாருங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில். பெரும்பங்கு அந்த மூவரில் ஒருவர் கையில்தான்! இங்கே ஆஸ்பத்திரி நேராக சிபிலுக்கு எழுதிப்போட முடியாது. வங்கியும் நிதி நிறுவனமும் போடலாம். ஆகவே பில் கவுன்ட்டரில், ‘ஈ.எம்.ஐ. போட்டுத் தரட்டுமா?’ என்று சிரித்தபடி கேட்டால் உஷாராகுங்கள். தலையாட்டினால் உங்கள் நோய் அங்கேயே கடனாக மாறிவிடும். தவணை தவறினால் சிபிலில் ஏறும்.

நம் உடம்பின் ஹிஸ்டரியை டாக்டர் கேட்கலாம். வீட்டு ஓனருக்கும் கார் ஷோரூம்காரருக்கும் அது எதற்கு?