வீணாகும் இரும்பின் விலை

பற்றவைப்புத் தொழிலுக்கு இரு வழிகள் உண்டு. எட்டாம் வகுப்புத் தேறியோர் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு பயின்று, 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி உதவித்தொகையுடன் தொழில் பழகுநராகலாம். மற்றையோர் பாடாலூர் போன்ற நெடுஞ்சாலை ஊர்களின் பட்டறைகளில் எடுபிடியாய்த் தொடங்குவர், முதற்கூலி கண்ணெரிச்சல்.

உயரழுத்தக் குழாய் வேலைக்கான கடுந்தேர்வில், 45 பாகை சாய்த்து நிறுத்திய குழாயை அசைக்காமல் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். எங்கே கற்றாய் என்று அக்குழாய் கேட்பதில்லை. ஆயினும் கை அந்நிலைக்குப் பழக, ராடுகளை எரித்து இரும்பை வீணாக்கியே தீரவேண்டும். சிறு பட்டறை அச்செலவைத் தாங்குமா?

பாரத மிகுமின் நிறுவனம் 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் அமைத்த திருச்சி, பாடாலூருக்கு அண்மையில்தான் இருக்கிறது. எட்டாதது வீணாக்கும் உரிமையே. ஐ.டி.ஐ. கூடங்கள் மாலைதோறும் பட்டறை இளைஞர்க்குத் திறக்கட்டும். ராடும் தகடும் அரசின் செலவாகட்டும்.