நாட்டுக்கு வெளியே ஒரு நாடாளுமன்றம்

"நாடே கையில் இல்லை, நாடாளுமன்றம் எதற்கு?" மேற்கு சகாராவைப் பற்றிப் பேசினால் நண்பர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள்.

ஸ்பெயின் வெளியேறிய மறுநாள், 1976 பிப்ரவரி 27 அன்று, சஹ்ராவி மக்கள் தங்கள் குடியரசை அறிவித்தார்கள். நிலத்தின் பெரும்பகுதி மொராக்கோவிடம் இருக்கிறது. மக்களில் பலர் அல்ஜீரியாவில் திந்தூஃப் அருகே அகதி முகாம்களில் வாழ்கிறார்கள். எல் அயூன், ஸ்மாரா, தாக்லா என்று விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே முகாம்களுக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே வாக்களித்துத்தான் தேசிய மன்றத்துக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களை அனுப்புகிறார்கள். 1992-இல் ஐ.நா. மேற்பார்வையில் நடப்பதாக இருந்த பொதுவாக்கெடுப்பு இன்னும் நடக்கவில்லை. இந்தியாவும் 1985-இல் தந்த அங்கீகாரத்தை 2000-இல் விலக்கிக்கொண்டது.

ஆயினும் அந்த உறுப்பினர் பதவி வீண் என்று சொல்ல மாட்டேன். ரயில்வேயில் புதுப் பாதை திறக்கும் முன்பே ஆட்களைப் பழக்கிவிடுவோம். ஆட்சிக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். 1999-இல் இம்மன்றம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் ஓர் அமைச்சரவையையே பதவி விலகச் செய்தது.

ஆனால் ஒரு குறை உண்டு. போலிசாரியோ முன்னணி தவிர வேறு கட்சிக்கு அங்கே இடமில்லை. விடுதலைக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அரை நூற்றாண்டு ஆகிவிட்டதே! ஒரே அமைப்புக்குள் ஆளைத் தேர்ந்தெடுப்பது பாதித் தேர்தல்தான். முகாமிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு மறுபாதியையும் இப்போதே தருவதுதான் நியாயம்.