கொன்ட்ரோலர் கொழும்பிலா, கொட்டகலையிலா?

தோட்டக் கம்பனிகளின் கணனி வலையமைப்பைப் பற்றி இப்பத்தியில் எழுதுவானேன் என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். கொட்டகலையிலும் ஹட்டனிலும் நம்மவர்களின் கடைகள் தோட்டச் சம்பளத்தை நம்பியே நடக்கின்றன. கொழுந்து நிறுவை முதல் சம்பளப் பட்டியல் வரை கணனிக்கு மாறிவரும் நிலையில், அந்தக் கணனி நின்றுபோனால் நமது கடன் கொப்பிக்கும் அடி விழும்.

1992 இல் அரச தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. தலைமைக் காரியாலயம் கொழும்பில், தோட்டங்களோ மலைக்கு மலை. ஒரு தொழிற்சாலையில் நாலைந்து வைஃபை அக்சஸ் பொயின்ட்கள் மாத்திரம் என்றால் ஒவ்வொன்றாக அமைத்துவிடலாம். பத்துப் பன்னிரண்டு தோட்டங்களில் நூற்றைத் தாண்டும்போது, கடவுச்சொல், அலைவரிசை, சிக்னல் வலு ஆகியவற்றை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் கொன்ட்ரோலர் அவசியமாகிறது. இதற்கென 2009 இல் கப்வப் என்ற பொது நியமம் வெளியானது உண்மைதான். ஆயினும் நடைமுறையில் ஒரு கம்பனியின் கொன்ட்ரோலரை வாங்கினால் அக்சஸ் பொயின்ட்களையும் அங்கேயே வாங்க வேண்டும். ஆகவே முதல் தெரிவிலேயே பல வருடங்களுக்குக் கட்டுப்பட்டு விடுகிறோம்.

விற்பனையாளர்கள் விலையைப் பற்றியும் வேகத்தைப் பற்றியுமே பேசுவார்கள். நான் முதலில் பார்ப்பது தரவு போகும் பாதையை. சகல தரவும் கொன்ட்ரோலர் ஊடாகவே செல்லும் முறையில், கொட்டகலைத் தொழிற்சாலையில் நிறுத்த கொழுந்தின் கணக்கு ஐம்பது மீற்றர் தள்ளியிருக்கும் தோட்டக் காரியாலயத்தை அடைய, கொழும்புக்குப் போய்த் திரும்ப வேண்டும்! ஒரே கட்டடத்தில் இயங்கும் வங்கிக்கு இது பொருந்தலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகம் பட்ட பாட்டைக் கண்ட பின்னரும் இதைத் தோட்டத்துக்குச் சிபாரிசு செய்பவர்களை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

கொன்ட்ரோலர் கொழும்பிலோ, இணையத்திலுள்ள கிளவுட் சேவையிலோ இருக்கட்டும். தரவு தோட்டத்துக்குள்ளேயே சுழல வேண்டும் என்பதே எனது அபிப்பிராயம். இதற்கான வசதி பிரபல உபகரணங்களில் உண்டு. ஆனால் பலர் மறக்கும் விடயம் ஒன்றுள்ளது. பாவனையாளரைச் சரிபார்க்கும் சேர்வர் கொழும்பில் மாத்திரம் இருந்தால், இணைப்பு அறுந்த பின் புதிதாக எவரும் உள்நுழைய முடியாது. அதற்கும் தோட்டத்தில் ஒரு மாற்று ஏற்பாடு தேவை.

கிளவுட் சேவைக்கு வருடாந்த லைசன்ஸ் கட்டணம், அதுவும் பெரும்பாலும் டொலரில். சில உபகரணங்கள் லைசன்ஸ் முடிந்தால் இயங்கவும் மாட்டா. 2022 இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 350 ஐத் தாண்டியதை எந்தக் கணக்காளரும் மறந்திருக்க மாட்டார். அதே வருடம் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டும் வந்தது. அக்சஸ் பொயின்ட்களுக்கு வலையமைப்புக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுத்தால், சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு பெரிய பற்றரி போதும்.

தகரச் சுவரும் இரும்பு இயந்திரங்களும் நிறைந்த தேயிலைத் தொழிற்சாலையில் சிக்னல் எங்கெங்கு எட்டும் என்பதை வரைபடத்தில் பார்த்து முடிவு செய்ய இயலாது; நேரில் அளக்க வேண்டும். பணத்தைக் கொடுக்குமுன், கொழுந்து வந்து குவியும் மாலை வேளையில் கொழும்புக்கான கேபிளைக் கழற்றிவிட்டு, நிறுவை தொடர்ந்து நடப்பதைக் காட்டுமாறு விற்பனையாளரிடம் கேளுங்கள்.